கச்சானிலும் மாரியிலும் ஓர் அலுமாரிக் கதவு

2023 ஜூன் 4, ஞாயிறு

மாமாவிடம் கையால் மரவேலை பழகுகிறேன். கச்சான், தென்மேற்கிலிருந்து வீசும் வறண்ட காற்று, தொடங்கிவிட்டது. காலை பத்து மணிக்கே காற்று சுடுகிறது. இந்த வெக்கையில் மரவேலையா என்று அம்மா கேட்கிறா. இதுதான் நல்ல காலம். வருசத்திலேயே மரம் மிகவும் ஒடுங்கி நிற்பது இப்போதுதான்.

புத்தக அலுமாரி ஒன்றுக்காக மரக்காலையில் தேக்குப் பலகை எடுத்தோம். தச்சுவேலை செய்யும் ஓடாவி மாமா பலகையின் முகத்தைப் பார்க்கவேயில்லை. குனிந்து தலைப்பக்கத்தை, அதாவது குறுக்கே அறுத்த முனையை, ஆண்டு வளையம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதைத்தான் பார்த்தார். "இதக் கதவுச் சட்டத்துக்கு எடு மகள். வளையம் நேரா நிக்கிது, கோணாது." வளையம் படுத்துக் கிடந்த அகலப் பலகைகளைக் கதவின் நடுப்பலகைக்கு ஒதுக்கினார்.

தேக்கு நம் காட்டு மரமல்ல. 1680 அளவில் ஒல்லாந்தர் இலங்கையில் நட்டது. முதிரை, பாலை, வீரை, சவண்டலைதான் இங்கத்தைய காட்டு மரங்கள். முதிரையின் மினுக்கம் எனக்குப் பெரிய ஆசை. ஆனால் அதன் நார் ஒரு வரி இந்தப் பக்கமும் அடுத்த வரி எதிர்ப்பக்கமும் சாய்ந்து வளர்வது, சீவும்போது பிய்யும். பலகை சீவும் சீவுளியைப் பிடிக்கப் பழகும் கைக்குத் தேக்குத்தான் பொருத்தம்.

2023 ஜூன் 18, ஞாயிறு

இன்று முழுக்கத் தீட்டல். சீவுளி அலகின் சரிவு 25 பாகை, வெட்டுகிற விளிம்பில் மட்டும் 30 பாகை. முதலில் அலகின் முதுகைக் கல்லில் தட்டையாக்க வேண்டும். பிறகு சரிவைத் தேய்க்கத் தேய்க்க, விளிம்பின் மறுபக்கம் மெல்லிய பிசிறு ஒன்று விரலுக்குத் தட்டுப்படும். அகலம் முழுக்க அது தட்டுப்படும்வரை நிறுத்தக்கூடாது. அதன் பின்தான் நயமான கல்லுக்குப் போய்ப் பிசிறை எடுப்பது.

அலகின் கூர்மையைச் சோதிக்கக் கைமயிரைச் சிரைத்துப் பார்ப்பார்கள். அதைவிட நம்பிக்கையானது மென்மையான மரத்துண்டு ஒன்றின் தலைப்பக்கத்தை உளியால் சீவிப் பார்ப்பது. சீவிய இடம் மினுங்கினால் சரி. வெள்ளையாகப் பொடிந்தால் திரும்பவும் கல்லுக்கு.

எங்கள் மட்டக்களப்புக் கல்லடியில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. தீட்டிய அலகை அப்படியே வைத்தால் விடியும்போது துரு. தையல் மிசின் எண்ணெயில் நனைத்த துணியால் துடைத்த பிறகுதான் பெட்டிக்குள் வைக்கிறேன். தேங்காயெண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்துப்போகும்.

2023 ஜூலை 9, ஞாயிறு

சட்டங்களில் பொளி, அதாவது மூட்டுக்கான துளை, எடுக்கும் வேலை. ஒரு அங்குலப் பலகையைச் சீவிச் சீவி ஏழு நூல் (ஒரு நூல் அங்குலத்தில் எட்டில் ஒன்று) கனத்துக்குக் கொண்டுவந்தோம். பொளியின் அகலம் கனத்தில் மூன்றில் ஒன்று என்பது பொது விதி. அதற்குக் கிட்டிய உளி இரண்டு நூல். ஆகவே பொளியும் இரண்டு நூல்தான். உளியின் அகலமே அளவைத் தீர்மானிக்கிறது, அளவுகோல் அல்ல. இது எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

பொளியை முதலில் எடுத்து, அதற்கு ஏற்ப, அதனுள் நுழையும் கழுந்தை அறுக்க வேண்டும். கழுந்தைச் சீவி மெலிக்கலாம், பொளியை ஒடுக்க முடியாது. கோட்டின் மேல் வாளை வைக்காமல் கோட்டுக்கு வெளியே, வெட்டி எறியும் பக்கம் வைத்து அறுக்கச் சொன்னார். உளியை அடிக்கும் மரச்சுத்தியலான கொட்டாப்புளி மாமாவே செய்தது, புளியமரத்தில். நல்ல பாரம். அடி கையில் உதைக்காமல் உளிக்குள் இறங்குகிறது.

2023 ஜூலை 22, சனி

சீவல் மட்டும். மாமாவுக்குக் களுவாஞ்சிக்குடியில் கலியாண வீடு.

2023 ஆகஸ்ட் 6, ஞாயிறு

நடுப்பலகை. இந்த அலுமாரியில் நான் மிகவும் காத்திருந்த வேலை.

மரம் நெடுக்கில் அசைவது மிகக் குறைவு. அகலத்தில்தான் ஈரம் குடித்து விரியும், காய்ந்து ஒடுங்கும். பச்சைத் தேக்கை ஈரமே இல்லாமல் உலர்த்தினால், வளையம் படுத்த பலகை அகலத்தில் 5.8 வீதம் ஒடுங்கும். வளையம் நேராக நிற்பது 2.5 வீதம்தான். இதை வைத்து நானே கணக்குப் பார்த்தேன். பலகையின் ஈரம் 11 வீதத்திலிருந்து 15 வீதத்துக்கு ஏறினால், எங்கள் 16 அங்குல நடுப்பலகை ஏறத்தாழ ஒரு நூல் அகலும். ஒரு நூல் சின்ன அளவாகத் தெரியலாம். ஆனால் சட்டத்துக்குள் இடமில்லாமல் அடைத்துவைத்தால், மூட்டுகளைப் பிளந்தாவது அந்த ஒரு நூலுக்கு இடம் எடுத்துக்கொள்ளும்.

அதனால் சட்டத்தின் உள் ஓரத்தில் மூன்று நூல் ஆழத்துக்குக் காடி, அதாவது நீளப் பள்ளம். பலகை இரண்டு நூல் உள்ளே போகும், ஒரு நூல் வெறுமையாக நிற்கும். பக்கக் காடிகளில் மரம் ஒட்டும் கம் ஒரு துளிகூடக் கிடையாது. மேலும் கீழும் நடுவில் ஒவ்வொரு மரமுளை மட்டும். அப்போது பலகை இரு பக்கமும் சமமாக அசையும். பூட்டுவதற்கு முன்பே நடுப்பலகைக்கு பொலிஷ் கொடுத்தாயிற்று. கொடுக்காமல் பூட்டினால் அடுத்த கச்சானில் பலகை ஒடுங்கும்போது ஓரத்தில் பொலிஷ் படாத வெள்ளைக் கீற்று வெளியே தெரியும். அம்மம்மாவின் அலுமாரியில் அந்தக் கீற்றை வருசாவருசம் பார்த்திருக்கிறேன். ஏன் என்று இன்றுதான் விளங்கியது.

இப்போது கடைகளில் வாங்கும் கதவுகள் பலவற்றில் நடுப்பலகையைக் கம் பூசி ஆணியும் அடித்து இறுக்கிவிடுகிறார்கள். வாங்கும்போது பார்க்க உறுதியாகத்தான் இருக்கும். கச்சான் வந்ததும் நடுவே வெடிக்கிறது. அதற்கு மரத்தைக் குறை சொல்வது நியாயமில்லை. நம்முடைய ஊரில் தளபாடம் செய்யப் பழகுகிறவர் எந்த மூட்டு வேலையையும் படிப்பதற்கு முன் கச்சான், மாரி என்ற இந்த இரண்டு காலத்தையும் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

கதவின் பின்பக்கம், சட்டத்திலிருந்து ஒரு நூல் தள்ளி, நடுப்பலகையின் இரு ஓரத்திலும் பென்சில் கோடு கீறி வைத்திருக்கிறேன். மாரி வரட்டும்.

2023 டிசம்பர் 17, ஞாயிறு

விடாத மழை. முற்றத்தில் தண்ணீர். வீட்டு யன்னல்கள் இறுகிவிட்டன, குசினிக் கதவைத் தோளால் தள்ளவேண்டியிருக்கிறது.

அலுமாரிக் கதவுகள் இரண்டும் ஒரு விரலில் திறக்கின்றன. பென்சில் கோட்டுக்கும் சட்டத்துக்கும் இடையே இருந்த ஒரு நூல், இரு பக்கமும் அரை நூலைவிடச் சற்றுக் கூடுதலாகச் சுருங்கியிருக்கிறது. பலகை விரிந்தது காடிக்குள்ளேயே அடங்கிவிட்டது. கதவின் முழு அகலத்தைக் கூட்ட வல்லது இரண்டரை அங்குல நிலைச்சட்டங்கள் இரண்டு மட்டுமே. அவற்றின் வளையம் நேராக நிற்பதால் இரண்டும் சேர்ந்து நாலைந்து தாளின் கனம்தான் அசைந்திருக்கும். மரக்காலையில் மாமா தலைப்பக்கம் குனிந்து பார்த்தது இதற்குத்தான்.

மாமாவிடம் பென்சில் கோட்டைக் காட்டினேன். "ஓம் மகள், இதத்தான் கையால செய்யச் சொன்ன. மிசின்ல போனா இதெல்லாம் கண்ணுல படாது," என்றார். மரம் பிளக்க அவரும் மிசினிடம்தான் போகிறார். கடைசி அளவுகளைத்தான் கையை விட்டு வெளியே விடமாட்டார்.

அடுத்தது மேசை. பலகை 30 அங்குல அகலம். அதே கணக்கில் அசைவு இரண்டு நூலுக்குக் கிட்ட வருகிறது. ஆகவே மேற்பலகையைக் கால்சட்டத்தோடு இறுக்கிப் பூட்ட முடியாது. காடிக்குள் நாக்கு நுழைந்து நகரக்கூடிய சிறு மரக்கட்டைகளால் கீழிருந்து பிடிக்க வேண்டும். முதிரைத் துண்டுகள் சில மாமாவிடம் மிச்சம் கிடக்கின்றன. தைப்பொங்கல் கழிய அவற்றை அறுக்கத் தொடங்குகிறோம்.