பன்பாயில் ஒரு ஐந்து மாதக்காரன்

மகனுக்கு ஐந்து மாதம். கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் நான்காம் மாடி வீட்டு ஹோலில், பன்பாயில் குப்புறக் கிடக்கிறான். இரண்டு கையையும் ஊன்றி, நெஞ்சைத் தூக்கி, ஒரு முழங்காலை மடக்கி, தலையை ஆட்டி ஆட்டி என்னைத் தேடுகிறான். "இதுதான் பிள்ளை செங்கீரை" என்கிறார் அம்மா. முப்பது வருடம் தமிழ் படிப்பித்தவர். தெய்வத்தையோ தலைவரையோ குழந்தையாக வைத்துப் பாடும் பிள்ளைத்தமிழில் ஐந்தாம் மாதத்துக்கென்றே உள்ள பருவம் அது. காற்றில் கீரை அசைவதுபோலப் பிள்ளை அசையுமாம். பிறகு சப்பாணிப் பருவத்தில் கை கொட்டும், வருகைப் பருவத்தில் நடந்து வரும். அந்தப் புலவர்கள் பிள்ளையின் உடம்பை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு இருந்திருப்பார்கள்!

அவனுக்கு மூத்த மகளிடம் நான் செங்கீரையைப் பார்க்கவேயில்லை. அவளை நிலத்தில் விட்டால்தானே? டைல்ஸ் குளிரும், தலை அடிபடும், தூசி என்று மடி, தொட்டில், சாய்வுக் கதிரை, மறுபடி மடி. ஏழாம் மாதத்தில் சொந்தக்காரர் ஒருவர் ஆசையாக, பிள்ளையை இருத்தி உருட்டவிடும் ஒரு சக்கர வோக்கர் வாங்கி வந்தார். நான் பால் இறக்கக் குசினிக்குள் போன நேரம், பல்கனிப் படியில் முன்சக்கரம் இறங்கிக் கவிழ்ந்தது. கடவுளே என்று நெற்றி வீக்கத்தோடு போயிற்று. கனடாவில் 2004 இலேயே வோக்கர் விற்கத் தடை போட்டிருக்கிறார்கள் என்று பிறகுதான் வாசித்தேன். நடை சீக்கிரம் வரும் என்று சொல்வதும் பிழை. கால் விரல் நுனியால் உந்தித் தள்ளிக்கொண்டு போகும் பிள்ளைக்கு, தன் பாரத்தைத் தானே தாங்கி விழாமல் நிற்கிற பழக்கம் எங்கிருந்து வரும்?

ஒன்பது மாதமாகியும் அவள் தவழவில்லை. உட்கார்ந்தபடியே அரக்கி அரக்கித்தான் திரிந்தாள். லிஃப்டில் காணும் ஒவ்வொருவரும் "இன்னும் தவழேல்லையா?" என்று கேட்பார்கள். இரவில் நித்திரை வராது. கிளினிக்கில் குடும்பநல உத்தியோகத்தர் கொப்பியை விரித்துப் பார்த்தார், பிள்ளையைக் கீழே இருத்திப் பார்த்தார். அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் அம்மா நிலத்தில விடுறீங்க?" என்னிடம் பதில் இல்லை.

உலக சுகாதார நிறுவனம் 2006 இல் வெளியிட்ட கணக்கைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் எண்ணூறுக்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பார்த்து எடுத்த கணக்கு. பிடிக்காமல் தனியே உட்கார்ந்திருப்பதற்கு ஏறக்குறைய 4 முதல் 9 மாதம். தனியே நடப்பதற்கு 8 முதல் 17½ மாதம். நூற்றில் நாலு பிள்ளைகள் முழங்கால் ஊன்றித் தவழாமலே நடந்திருக்கிறார்கள். என் மகளும் அப்படித்தான் பதினாறாம் மாதத்தில் எழுந்து நடந்தாள். பக்கத்து வீட்டுப் பிள்ளையை வைத்து உங்கள் பிள்ளையை அளக்காதீர்கள், தயவுசெய்து.

மகனுக்கு முதல் வாரத்திலிருந்தே குப்புற நேரம் உண்டு. முதலில் என் நெஞ்சின் மேல், ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். நகரத் தொடங்காத பிள்ளைக்கு, விழித்திருக்கும்போது, விட்டு விட்டு நாளுக்கு 30 நிமிடமாவது குப்புற நேரம் வேண்டும் என்று அதே நிறுவனம் 2019 இல் சொல்லியிருக்கிறது. பால் குடித்த கையோடு போடமாட்டேன். ஆள் பக்கத்தில் இல்லாமலும் போடமாட்டேன். நித்திரைக்கு மட்டும் எப்போதும் மல்லாக்கத்தான். ஆரம்பத்தில் வீரிட்டு அழுவான். நானும் பாயில் குப்புறப் படுத்து, மூக்குக்கு நேரே மூக்கை வைத்துக் கதைப்பேன். அழுகை நின்றுவிடும்.

காற்சட்டை போடுவதில்லை. துணி இருந்தால் முழங்கால் வழுக்கும். வெறுங்கால் பாயைப் பிடித்துக்கொள்ளும். கடையில் வாங்கிய கிலுக்குகளை அவன் திரும்பியும் பார்ப்பதில்லை. அம்மாவின் சில்வர் பேணிதான் வேண்டும். அதில் தன் முகம் கோணலாகத் தெரிகிறதா, கண் அகல விரியும், வாயிலிருந்து எச்சில் ஒழுகும், வலது கை மெல்லப் பாயிலிருந்து கிளம்பும். அந்தக் கை கிளம்பும்போது பாரம் முழுக்க இடது தோளுக்கு மாறுவதை அருகிலிருந்து பார்க்க வேண்டும். தலகணி அடுக்கி அவனை இருத்தி வைப்பதையும் விட்டுவிட்டோம். இருக்க வேண்டிய காலத்தில் தானாக இருப்பான்.

பொறுத்திருக்கக் கூடாத விஷயங்களும் உண்டு. நாலு மாதமாகியும் தலை நிற்கவில்லை, ஒன்பது மாதமாகியும் தனியே உட்காரவில்லை, பதினெட்டு மாதமாகியும் நடக்கவில்லை என்றால் டொக்டரிடம் காட்டுங்கள். ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பாவித்து மற்றதை விட்டுவிட்டாலும், உடம்பு விறைப்பாகவோ துவண்டோ இருந்தாலும், செய்துகொண்டிருந்ததை மறந்துவிட்டாலும் அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்க வேண்டாம். மாதம் நிறையாமல் பிறந்த பிள்ளைக்கு, பிறந்திருக்க வேண்டிய திகதியிலிருந்து மாதத்தை எண்ணுங்கள்.

மகளுக்கு இப்போது மூன்றரை வயது. பின்னேரங்களில் அப்பா அவளைக் கையில் பிடித்து, ரயில் பாதையைக் கவனமாகத் தாண்டிக் கடற்கரைக்குக் கூட்டிப்போவார். சப்பாத்தைக் கழற்றிவிட்டு மணலில் ஓடுவாள், விழுவாள், எழும்புவாள்.

நேற்று வந்ததும் கால் கழுவிவிட்டு, தம்பிக்கு முன்னால் பாயில் குப்புறப் படுத்தாள். சில்வர் பேணியை ஒரு சாண் தள்ளி வைத்தாள். அவன் கையை நீட்டினான், எட்டவில்லை. முக்கினான், தோள் சரிந்தது, அப்படியே மல்லாக்க உருண்டு விழுந்தான். என்ன நடந்தது என்று தெரியாமல் மேலே சுழலும் காற்றாடியையே பார்த்துக்கொண்டு கிடந்தான். "அம்மா, தம்பி பிரண்டுட்டான்!" என்று அவள் போட்ட சத்தத்தில் என் அம்மா குசினியிலிருந்து ஓடி வந்தார்.