அல்ட்ராசவுண்டுக்கு ஏற்ற மைக்ரோஸ்கோப்: டெண்டர் போட்டு வாங்கிய அனுபவம்

எங்கள் வேலை நுண்குமிழ்களோடு. கொழுப்பு உறை போர்த்திய, சில மைக்ரான் அளவு வாயுக் குமிழ்கள். அல்ட்ராசவுண்ட் பட்டதும் அவை சுருங்கி விரியும். ஒட்டியிருக்கும் செல்லின் சவ்வில் சற்று நேரம் துளை விழும். அதன் வழியே மருந்தை உள்ளே அனுப்பலாம். இதை உயிருள்ள செல்லில் பார்க்க ஒரு கான்ஃபோக்கல் மைக்ரோஸ்கோப் (லேசரால் அடுக்கடுக்காகப் படம் எடுக்கும் வகை) வேண்டும். அரசுத் திட்டப் பணம் என்பதால் டெண்டர்தான் வழி.

வந்த விற்பனைப் பிரதிநிதிகள் எல்லோரும் முதலில் காட்டியது இன்வர்டட் வகை. செல் ஆய்வென்றால் லென்ஸ் கீழே, தட்டு மேலே என்பதுதான் வழக்கம். எங்களுக்கு அது சரிவராது. செல்கள் தட்டின் அடியில் ஒட்டியிருக்க, குமிழ்கள் மேலே மிதந்து போய்விடும். இரண்டும் சந்திக்கவே சந்திக்காது. போதாததற்கு, கண்ணாடி அடித்தட்டு ஒலியைத் திருப்பி அனுப்பும். போகிற ஒலியும் வருகிற ஒலியும் கலந்து, ஓரிடத்திலேயே நின்று துடிக்கும் நிலையலையாகிவிட்டால், செல்லின் மேல் எவ்வளவு அழுத்தம் விழுந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

அதனால் லென்ஸ் மேலே இருக்கும் அப்ரைட் வகை கேட்டோம். செல்களை மெல்லிய பிளாஸ்டிக் படலத்தில் வளர்த்து, தண்ணீர்த் தொட்டியில் தலைகீழாகத் தொங்கவிடுவோம். குமிழ்கள் மிதந்து வந்து செல்லில் ஒட்டிக்கொள்ளும். ஒலியை எழுப்பும் டிரான்ஸ்டியூசர் கீழிருந்து சாய்வாக, லென்ஸ் மேலிருந்து தண்ணீரில் முங்கியபடி. சாய்க்கக் காரணம், லென்ஸின் முகமும் ஒலியைத் திருப்பும்.

வேகம் பற்றியும் நிறைய வாதம். 1 மெகாஹெர்ட்ஸில் குமிழ் விநாடிக்குப் பத்து லட்சம் முறை துடிக்கும். அதைப் படம்பிடிக்க நெதர்லாந்தில் உருவாக்கிய பிராண்டரிஸ் 128 போன்ற, விநாடிக்கு 2.5 கோடி படம் எடுக்கும் கேமரா வேண்டும். நமக்குத் தேவை அதற்குப் பின் நடப்பது: சவ்வில் துளை விழுந்தால் மட்டுமே செல்லுக்குள் போகும் புரோப்பிடியம் அயோடைடு சாயம் உள்ளே கசிவது, கால்சியம் ஏறுவது. அதற்கு விநாடிக்குச் சில பத்துப் படங்கள் போதும். இதை உறுதியாகச் சொன்னதில் பட்ஜெட் கணிசமாகக் குறைந்தது.

2022 ஜூலையில் ஆய்வுக் கருவிகளுக்கான ஜி.எஸ்.டி. சலுகை போய் 5 சதவீதம் 18 ஆனதால், பழைய கொட்டேஷனை வைத்துக் கணக்குப் போட்டால் திண்டாட்டம்தான். நல்லவேளையாக, 2025 ஜூனில் வந்த தளர்வால் 200 கோடி ரூபாய் வரை, வெளிநாட்டுக் கம்பெனிகளும் கலந்துகொள்ளும் உலகளாவிய டெண்டருக்கு ஆய்வு நிறுவனத்தின் இயக்குநரே ஒப்புதல் தரலாம் என்றாகியிருந்தது.

டெண்டரின் விவரக்குறிப்பில் பிராண்டு பெயர் எழுதக்கூடாது. ஆனால் கம்பெனிகள் அனுப்பும் மாதிரிக் குறிப்பில், போட்டியாளர் விழுந்துவிடும்படி ஏதாவது ஓர் எண் ஒளிந்திருக்கும். நாங்கள் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஆய்வுக் காரணத்தை எழுதினோம். விலை போடும் முன் கம்பெனிகளோடு நடக்கும் ப்ரீ-பிட் கூட்டத்தில் சண்டை போட ஆளில்லாமல் போனது.

டெமோவில்தான் சுவாரசியம். எங்கள் படலத்தோடுதான் காட்ட வேண்டும் என்று நிபந்தனை போட்டிருந்தோம். "எந்தத் தட்டிலும் வேலை செய்யும்" என்ற ஒரு கம்பெனியின் ஆட்டோஃபோகஸ் தடுமாறியது. கண்ணாடியும் தண்ணீரும் சேரும் எல்லையில் திரும்பும் அகச்சிவப்பு ஒளியை நம்பி ஓடும் அமைப்பு அது. எங்கள் படலத்தில் அதற்கு வேண்டியபடி ஒளி திரும்பவில்லை. "கண்ணாடித் தட்டே வெச்சுக்கலாமே சார்" என்றார் வந்தவர். அப்புறம் ஒலியை எங்கே வைப்பதாம்?

ஏற்புச் சோதனையை ஆர்டரிலேயே எழுதிவிட்டோம்: 37 டிகிரியில், அல்ட்ராசவுண்ட் ஓடும்போது, பல மணி நேரம் ஃபோகஸ் நிற்க வேண்டும். முதல் சோதனையில் ஒலியைப் போட்டதும் படம் லேசாகக் குதித்தது. ஒலியழுத்தம் படலத்தைத் தள்ளுகிறது என்று தெரிந்ததும், எங்கள் ஒர்க்‌ஷாப்பில் படலத்தை இழுத்துப் பிடிக்கும் சட்டம் ஒன்று செய்தார்கள். அது பொருந்தி, சோதனை முழுதாக ஓடிய பிறகுதான் எல்.சி.யில் (வங்கி வழியே பணம் தரும் லெட்டர் ஆஃப் கிரெடிட்) நிறுத்திவைத்திருந்த 10 சதவீதத்தை விடுவித்தோம்.