அத்ரே சந்தையில் வாங்கிய சோளம்

சூடான் எல்லையை ஒட்டிய சாட் நாட்டு ஊர் அத்ரே. அகதிகளுக்குக் கொடுக்கும் சோளத்தை அங்கே சுற்றுவட்டாரச் சந்தைகளிலேயே வாங்கலாம் என்று எங்கள் உதவி அமைப்புக்குக் குறிப்பு எழுதியவன் நான். 2024 மே மாதம். கேமரூனின் டுவாலா துறைமுகத்திலிருந்து லாரிகள் கிழக்குச் சாட் வந்து சேரப் பல வாரங்கள் ஆகும். அதற்குள் மழை இறங்கினால் காட்டாறுகள் மண்பாதையை அறுத்துவிடும். சூடானின் டார்ஃபூர் பகுதியிலிருந்து போருக்குத் தப்பி வந்தவர்கள் எல்லையோரம் குச்சியும் துணியும் கட்டிய நிழலில் கிடந்தார்கள். அவர்களைக் காத்திருக்கச் சொல்ல முடியாது. இன்று கேட்டாலும் இதையேதான் எழுதுவேன்.

ஆனாலும் அந்தச் சந்தையில் ஒரு தானியக்கார அம்மா கேட்டது என்னை விடவில்லை. அங்கே எனாமல் கிண்ணத்தில் அளப்பார்கள்; கோரோ என்று பெயர், ஏறக்குறைய இரண்டரைக் கிலோ பிடிக்கும். எப்போதும் குவித்து அளப்பவர், அன்று உள்ளங்கையால் தலைதட்டி அளந்தார். ஏன் என்று கேட்டேன். உடன் வந்த ஊழியர் அவருடைய அரபியை எனக்குச் சொன்னார்: “வந்தவர்களுக்கு உணவு வாங்க அட்டை கொடுத்திருக்கிறீர்கள், நல்லது. எங்களுக்கு அட்டை இல்லை. இதையும் நீங்கள் ஏற்றிக்கொண்டு போனால் ஆகஸ்ட்டில் நாங்கள் எங்கே வாங்குவது?”

விலை ஏறியது போரால்தான், எங்களால் அல்ல என்றேன். அது பொய்யில்லை. சூடானில் போர் தொடங்கிய 2023 ஏப்ரலுக்கு முன் சர்க்கரையும் மாவும் அங்கிருந்து வந்தன. இங்கிருந்து ஆடுமாடுகள் அங்கே போயின. அந்த வியாபாரம் நொடித்தது. ஆட்டை விற்க முடியாதவன் எதைக் கொண்டு சோளம் வாங்குவான்? 2003-லிருந்து வந்துசேர்ந்த டார்ஃபூர் அகதிகள் 4 லட்சம் பேர் ஏற்கெனவே இங்கே இருந்தார்கள். இப்போது அதைவிட அதிகமானோர் புதிதாக வந்துவிட்டார்கள். 2024 பிப்ரவரியில் சாட் அரசே உணவு நெருக்கடி நிலையை அறிவித்திருந்தது.

எல்லாம் சரி. அந்த அம்மா கேட்டதோ காரணத்தை அல்ல, அறுவடைக்கு முன் கையிருப்பு தீர்ந்துபோகும் ஆகஸ்ட்டை. அவர் வீட்டு முற்றத்திலேயே ஓர் அகதிக் குடும்பம் தங்கியிருந்தது என்று அப்புறம்தான் தெரிந்தது. எங்களுக்கு முன்பே அவர் அவர்களுக்குச் சோறு போட்டிருக்கிறார்.

நாங்கள் கொடுத்ததில் ஒரு பகுதியை, எண்ணெய்க்கும் அரைவைக் கூலிக்கும் வேண்டி, அகதிகள் அதே சந்தையில்தான் விற்றார்கள். அதனால் ஊரை நாங்கள் வறளவிடவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதுண்டு. ஆனால் திரும்பி வந்த சோளத்தை வாங்கக் கையில் காசு வேண்டுமே.

அடுத்த குறிப்பில் உள்ளூர்க் குடும்பங்களுக்கும் பங்கு கேட்டேன். பணம் போதாது என்று அந்த வரி வெட்டப்பட்டது. எல்லோருக்கும் அரைப்பங்கு என்று வாதாடியிருக்கலாமா? எல்லை தாண்டும்போதே மெலிந்து வந்த குழந்தைக்கு அரைப்பங்கு போதுமா? இரண்டு பக்கமும் யோசித்தாகிவிட்டது.

இப்போது நான் கேட்பது ஒன்றுதான்: அறுவடை முடிந்து விலை இறங்கும் நவம்பரிலேயே வாங்கிக் கிடங்கில் வைத்துவிட வேண்டும். அதற்கு நன்கொடைப் பணம் நவம்பருக்குள் வர வேண்டும். அது பெரும்பாலும் பஞ்சச் செய்தி வெளிவந்த பிறகுதான் வருகிறது.