பெரியம்மாவின் படலையில் ஒரு தகரம்

போன வருடம் மாசி மாதம் பெரியம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டார். அவருக்கு 78 வயது. விசுவமடுவில், இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீட்டில் தனியாகத்தான் இருந்தார். பக்கத்து வளவு அண்ணா மாடு அவிழ்க்க வந்தபோதுதான் கண்டிருக்கிறார். அதுவரை இரண்டு மணித்தியாலம் வெயிலில் கிடந்திருக்கிறார்.

கட்டுப் போட்டதும் வவுனியாவில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். நானும் மனுசனும் வேலைக்குப் போகிறோம், பிள்ளைகள் பள்ளிக்கூடம். காலமை ஏழு மணியிலிருந்து பின்னேரம் வரை அவர் தனிய. மூன்றாம் மாதம் அவரே சொன்னார்: "பிள்ளை, உன்ர வீட்டிலயும் சுவரோடதானே கதைக்கிறன். கதைக்க ஆக்கள் இருக்கிற இடமாப் பார்."

எங்கள் பக்கத்தில் முதியோர் இல்லம் என்றாலே "கொண்டுபோய்த் தள்ளிப்போட்டினம்" என்ற பேச்சு வரும். கனடாவில் இருக்கும் மச்சாளும் தொலைபேசியில் அழுதா. ஆனால் கேட்டது பெரியம்மா. அதனால் தேடத் தொடங்கினேன்.

முதலில் பார்த்த இடத்தில் கக்கூசில் பிடித்து எழும்ப ஒரு கம்பி கூட இல்லை. வெற்றிலை போட விடமாட்டோம் என்றார்கள், மாதத்தில் ஒரு நாள்தான் வந்து பார்க்கலாம் என்றார்கள். பெரியம்மாவின் பாக்குரல் அவருடைய அம்மா கொடுத்தது, முள்ளிவாய்க்கால் வரை மடியில் கட்டிக்கொண்டு போனது. நான் திரும்பிவிட்டேன்.

இரண்டாவது இடத்தில் 20 பேர் அளவில் இருந்தார்கள். இரவில் எத்தனை பேர் முழித்திருப்பீர்கள், குளிசையை யார் எடுத்துக் கொடுப்பது, கிளினிக்குக்கு யார் கூட்டிப் போவது, விழுந்தால் முதலில் யாருக்குப் போன் அடிப்பீர்கள் என்று கேட்டேன். மேட்டன் எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னா. பிறகு, "அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ, அவவோடதான் நான் கதைக்கவேணும்" என்றா. இவ்வளவு நாள் அலைந்ததில் அவரோடு கதைக்கவேணும் என்று கேட்ட முதல் ஆள் அவதான்.

அப்புறம் கடதாசி அலுவல். எங்களிடம் கேட்டவை கிராம சேவகரின் கடிதம், பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தருடைய சிபாரிசு, தொற்று வருத்தம் இல்லை என்ற டொக்டரின் கடிதம், அடையாள அட்டைப் பிரதி, பொறுப்பாளர் என்று என் கையெழுத்து. பதிவு விசுவமடுவில் என்பதால் புதுக்குடியிருப்புப் பிரதேச செயலகத்துக்கு மூன்று தரம் போனேன். அங்கேயே 60 வயது கடந்தவர்களுக்குக் கொடுக்கும் முதியோர் அடையாள அட்டைக்கும் விண்ணப்பித்தோம். அது இருந்தால் ஆஸ்பத்திரியிலும் வங்கியிலும் முன்னுரிமை தருவார்கள். 70 கடந்த வறிய முதியோருக்கான உதவிப்பணம் 3,000 ரூபாயிலிருந்து 2025இல் 5,000 ஆனது. அந்தக் காசு பெரியம்மாவின் பெயரில் உள்ள கணக்குக்கே வருகிறது. அதை அப்படியே விட்டேன். அது அவருடைய வெற்றிலைக்காசு, கோயில்காசு. கிளினிக் கொப்பியை மறக்கவேண்டாம். தர்மபுரத்தில் காட்டிவந்த சீனி வருத்தத்துக்கும் பிறசருக்கும் கடிதம் வாங்காமல் வந்துவிட்டு, அதற்காக மட்டும் நான் திரும்பப் பஸ் ஏறினேன்.

எல்லாம் சரிவந்த பிறகு பெரியம்மா மறுத்துவிட்டார்.

இரண்டு நாள் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் இரவு, விளக்கு நூர்த்த பிறகு சொன்னார்: "அவன் வந்து படலையில நிண்டு கூப்பிட்டா ஆர் பிள்ளை திறக்கிறது?"

பெரியம்மாவின் மகன் சின்னண்ணாவை நாங்கள் கடைசியாகக் கண்டது 2009 மே மாதம், சண்டை முடிந்த நேரம், வட்டுவாகலில். செட்டிகுளம் முகாமிலிருந்து வெளியே விட்டதும் பெரியம்மா முதலில் ஓடியது அந்த வளவுக்குத்தான். அவருக்குத் தெரிந்த ஒரே முகவரி அதுதான் என்று அங்கேயே கிடந்தார். எங்கள் வீட்டில் இருந்த மூன்று மாதமும் அது கையின் கட்டு அவிழும் வரைக்குந்தான் என்று நினைத்திருக்கிறார். அது எனக்கு விளங்கவில்லை. வன்னியில் வயதான ஒரு தாயை வீட்டை விட்டு எழுப்புகிறவர்கள் முதலில் கேட்கவேண்டிய கேள்வி இது. ஒரு படிவத்திலும் அது இல்லை.

மேட்டனிடம் போய்ச் சொன்னேன். இரண்டு கிழமை வந்து இருக்கட்டும், பிடிக்காவிட்டால் கூட்டிப் போங்கோ என்றா. அந்த இடைவெளியில் பெரியம்மா சொன்ன எல்லாவற்றையும் செய்தோம். வீட்டுத் திறப்பு பக்கத்து அண்ணாவிடம். வெள்ளிக்கிழமைகளில் அவருடைய மனுசி முற்றம் கூட்டி விளக்கு வைப்பா. காணாமற்போனோர் அலுவலகத்துக் கோப்புக்குப் புது முகவரியும் என் நம்பரும் எழுதிக் கடிதம் போட்டோம். படலையில் கட்ட ஒரு மட்டையில் பெரியம்மா தன் கையாலேயே எழுதினார்: "தம்பி, அம்மா வவுனியாவில் சுகமாக இருக்கிறேன். பக்கத்து வீட்டில் திறப்பு இருக்கு." கீழே இல்லத்தின் பெயரும் என் நம்பரும். முறிந்த கை நடுங்கியதால் எழுத இரண்டு நாள் எடுத்தது.

இரண்டு கிழமை முடிந்து கூட்டிவரப் போனபோது முள்ளியவளையிலிருந்து வந்த ஒரு அம்மாவோடு இருந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வற்றாப்பளைப் பொங்கல் கதை. என்னைக் கண்டுவிட்டு, "நில்லு பிள்ளை, இதை முடிச்சிட்டு வாறன்" என்றார். அன்றைக்கு வரவில்லை. பிறகும் வரவில்லை.

அங்கே எல்லாம் நல்லது என்று சொல்லமாட்டேன். சொதி உறைப்பில்லை என்று முறைப்பாடு. பக்கத்துக் கட்டில் ஆச்சி இறந்த கிழமை சாப்பிடவே இல்லை, நான் லீவு போட்டுக்கொண்டு போய் இருந்தேன். ஒவ்வொரு ஞாயிறும் போகிறேன்.

மாரி மழையில் மட்டை ஊறி எழுத்துக் கரைந்துவிட்டது. பக்கத்து அண்ணா அதே வசனத்தைத் தகரத்தில் பெயின்ற்றால் எழுதிக் கட்டிவிட்டுப் படம் அனுப்பினார். பெரியம்மா கண்ணாடியைப் போட்டு என் போனை வாங்கி, கிட்டப் பிடித்து வாசித்தார்.

"நம்பரில கடைசி ஏழு ஒண்டு மாதிரிக் கிடக்கு. இன்னொருக்கா வடிவா எழுதச் சொல்லு."

அடுத்த நாளே பக்கத்து அண்ணா திருத்தி எழுதிவிட்டார்.