ஒரு பிடி அரிசி

இந்தோனேசியாவின் ஜாவா தீவுக் கிராமங்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது 'ஜிம்பித்தான்' என்ற வழக்கம். வீட்டு வாசலில் ஒரு சின்ன டப்பா தொங்கும். அதில் ஒரு பிடி அரிசி போட்டு வைப்பார்கள். இப்போது பல இடங்களில் சில்லறைக் காசு. இரவில் ரோந்து போகிறவர்கள் வீடு வீடாக எடுத்துச் சேர்ப்பார்கள். தெருவிளக்கு, நோயாளிக்கு உதவி, சாவு வீட்டுச் செலவு என்று ஊர்த்தேவைக்கே அது போகும். யாரும் அதட்டி வசூலிப்பதில்லை.

ஊரார் சேர்க்கும் இந்தப் பணம் போக, அரசுப் பணமும் உண்டு. 2014-ல் இந்தோனேசியாவில் கிராம நிர்வாகத்துக்கான கிராமச் சட்டம் வந்தது. 2015 முதல் மத்திய அரசின் கிராம நிதியும் வருகிறது. சாலைக்கும் வாய்க்காலுக்கும் அது உதவுகிறது, நல்லதுதான். ஆனால் 2024-ல் ஊர்த்தலைவரின் பதவிக்காலத்தை 6-லிருந்து 8 ஆண்டாக்கியதை என்னால் ஏற்க முடியவில்லை. பல ஊர்களில் பதவியோடு ஊர்ப்பொது வயலின் விளைச்சலும் அவருக்குத்தான். அலுவலக வாசலில் வரவுசெலவு பேனர் வைக்கிறார்கள், சரி. அதில் தப்பைக் கண்டுபிடித்த விவசாயி, தலைவரை மாற்ற அத்தனை வருடம் காத்திருக்க வேண்டுமா?