நான்கு கிண்ணங்கள்

ஜூன் 2
கட்டிலை மாட்டி முடிக்க இரவு பதினொன்று ஆகிவிட்டது. ஒரு திருகாணி குறைகிறது.

ஜூன் 5
இடது முழங்கைக்குக் கீழே மூன்று தடிப்புகள். ஒரே கோட்டில். கொசுவாக இருக்கும்.

ஜூன் 6
கொசு வரிசையில் நின்றா கடிக்கும்?

ஜூன் 7
மெத்தையை நிமிர்த்திச் சுவரில் சாய்த்துவிட்டு, காலாவதியான வங்கி அட்டையால் ஓரத்தையல் முழுக்க நெம்பிப் பார்த்தேன். ஒன்றரை மணி நேரம். வளர்ந்த மூட்டைப்பூச்சி நாலைந்து மில்லிமீட்டர், கண்ணில் பட்டுவிடும். முட்டைதான் தொல்லை: ஒரு மில்லிமீட்டர், வெள்ளை, மெத்தையும் வெள்ளை. குஞ்சு இன்னும் மோசம், இரத்தம் குடிக்கும்வரை அதற்கு நிறமே கிடையாது.

கிடைத்தது: நூல் பிசிறு, அரிசி அளவில் ஒரு மரச்செதில், திருகாணி இல்லாத அந்தத் துளையின் விளிம்பில் ஒரு கறுப்புப் புள்ளி. பஞ்சை நனைத்து அதைத் தேய்த்தேன். எச்சமாக இருந்தால் மை ஊறுவதுபோல் பழுப்பாகப் பரவ வேண்டும். பரவியது போலவும் இருந்தது, மரச்சாயம் ஒட்டியது போலவும் இருந்தது. பஞ்சைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. சிறிய டப்பாவில் போட்டு மூடி வைத்திருக்கிறேன். யாரிடம் காட்டப் போகிறேன்?

எனக்குச் சந்தேகமெல்லாம் அந்தப் பச்சை நாற்காலி மேல்தான். முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப் போனது. "நல்ல நாற்காலி அம்மா, வைத்துக்கொள்ளுங்கள்" என்றார் வீட்டுக்காரர். நல்ல நாற்காலியை யார் விட்டுவிட்டுப் போவார்கள்?

ஜூன் 8
நாற்காலியைப் படிக்கட்டு ஓரத்தில் கொண்டுபோய் வைத்தேன்.

ஜூன் 9
விடியற்காலை 3.10. இதுதான் அவை வெளியே வரும் நேரம். உடல் சூடும் விடும் மூச்சும்தான் அவற்றுக்கு வழிகாட்டுகின்றன. நான் மூச்சு விடுவதே அழைப்பு என்றால் என்னதான் செய்வது? தூங்குவதுபோல் பாசாங்கு செய்துவிட்டுச் சட்டென்று டார்ச் அடித்தேன். வெள்ளை விரிப்பில் என் விரல்களின் நிழல். அதற்கே அலறிவிட்டேன்.

ஜூன் 10
அம்மா தொலைபேசியில். "இதற்குப் போயா? எங்கள் காலத்தில் கட்டிலை வெயிலில் போட்டு, சந்துகளில் வெந்நீர் ஊற்றி, டி.டி.டி. தூவினால் தீர்ந்தது."

1947-லேயே ஹவாயில் டி.டி.டி.க்கு அசையாத மூட்டைப்பூச்சிகளைக் கண்டுவிட்டார்கள் என்றேன். இப்போதைய மருந்துகளில் பலவற்றுக்கும் அவை பழகிவிட்டன என்றேன்.

"இதையெல்லாம் படித்துக்கொண்டு தூங்காமல் கிட. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை."

கொஞ்ச நேரம் இரண்டு பேருமே பேசவில்லை. அவள் வேறு எதையோ சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது.

"அண்ணனிடம் சொல்லாதே அம்மா."

"ஏன், அவன் என்ன சொல்லிவிடப் போகிறான்?"

"அதைத்தான்."

ஜூன் 11
கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு முழம் இழுத்துப் போட்டேன். நான்கு கால்களுக்கும் நான்கு கிண்ணங்கள், சோப்பு கலந்த நீர். அவற்றுக்குப் பறக்கத் தெரியாது, தாவவும் தெரியாது. விரிப்பின் நுனி தரையில் படாமல் செருகியாயிற்று. நடு அறையில் தீவு மாதிரி நிற்கிறது கட்டில். மெத்தைக்குள்ளேயே இருந்துவிட்டால் அகழி வெட்டி எதிரியோடு சேர்ந்து உள்ளே உட்கார்ந்திருக்கிறேன் என்று அர்த்தம்.

ஜூன் 12
ஓர் எறும்பு. ஒரு முடி (என்னுடையது).

ஜூன் 14
கடித்த அன்றே தடிக்க வேண்டும் என்பதில்லையாம். சிலருக்கு ஒன்றுமே தெரியாது. சிலருக்குப் பல நாட்கள் கழித்துத்தான் தடிப்பு எழும்புமாம்.

நாட்காட்டியை எடுத்து வைத்துக்கொண்டு எண்ணினேன். ஜூன் 5-இல் எழும்பிய தடிப்பு மே மாதக் கடியாக இருக்கலாம். மே மாதம் நான் இங்கே இல்லை. அப்படியானால் இந்த வீடு என்ன பாவம் செய்தது? பெட்டிகளின் மடிப்பில், புத்தக முதுகில், நானே சுமந்து வந்திருக்கிறேன். பத்து நாளாக ஒரு நாற்காலியைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அங்கே கேட்டால் தெரிந்துவிடும். எப்படிக் கேட்பது? இத்தனை நாள் கழித்துப் பேசும் முதல் பேச்சே மூட்டைப்பூச்சி பற்றியா?

ஜூன் 15
துணி அனைத்தும் 60 டிகிரி வெந்நீரில். கம்பளி போய்விட்டது, குழந்தைக்குப் போடும் அளவுக்குச் சுருங்கிவிட்டது. புத்தகங்களை என்ன செய்வது?

ஜூன் 17
புதிய தடிப்பு இல்லை. இரத்தமே குடிக்காமல் மாதக்கணக்கில் கிடக்கும் பூச்சிக்கு இது ஒரு கணக்கா?

ஜூன் 18
நாற்காலியைக் காணவில்லை. யாரோ எடுத்துப் போயிருக்கிறார்கள். காகிதத்தில் ஏதாவது எழுதி ஒட்டியிருக்க வேண்டும். என்னவென்று? "சந்தேகம்" என்றா?

ஜூன் 19
மேல்மாடியில் நாற்காலி இழுக்கும் சத்தம்.

ஜூன் 21
நான்கு முறை எழுதி நான்கு முறை அழித்து, கடைசியில் ஒரே வரி அனுப்பினேன். "உங்களுக்கு உடம்பில் தடிப்பு ஏதாவது இருக்கிறதா?" நலம் விசாரிக்கவில்லை. பெயர்கூடப் போடவில்லை. படித்துவிட்டார். பதில் இல்லை.

இரவு முழுக்கக் கை அரித்தது. பார்த்தால் ஒன்றும் இல்லை.

ஜூன் 22
பதில் வந்தது, காலை 4.40-க்கு.

"இருக்கிறது. வலது தோளில், ஒரு மாதமாக. உனக்கும் இருக்கிறதா?"

வலது தோள். இடப்பக்கம் திரும்பிப் படுப்பவர், போர்வைக்கு வெளியே இருப்பது அந்தத் தோள்தான். அந்த நேரத்தில் அவரும் விழித்திருந்திருக்கிறார்.

ஜூன் 23
நீர் வற்றியிருந்தது. நான்கிலும் மாற்றினேன்.