வால் மடக்கிய லாரி: பட்டறை நாட்குறிப்பு

ஜனவரி 17, 2025

மாட்டுப் பொங்கலன்று மாடுகளோடு சேர்த்து லாரிக்கும் சந்தனம் வைத்திருந்தார் அப்பா. அந்தப் பொட்டு அழியாமலே இன்று டிராக்டரில் சங்கிலி கட்டி நாமக்கல் பட்டறைக்கு இழுத்து வந்தோம். 1967-ஆம் வருட டாடா மெர்சிடிஸ் பென்ஸ் 1210. முகத்தில் மூன்று முனை நட்சத்திரம் இன்னும் இருக்கிறது. ஜெர்மன் ஒப்பந்தம் 1969-இல் முடிந்த பிறகு அந்த இடத்துக்கு டாடாவின் ‘டி’ வந்துவிட்டது. இன்ஜின் பிற்பாடு மாற்றிய 692. பெயரிலேயே கணக்கு இருக்கிறது: 6 சிலிண்டர், ஒவ்வொன்றின் உள்விட்டமும் 92 மில்லிமீட்டர்.

நான் பழைய கார்களைச் செப்பனிடுகிறவன். கண்காட்சிக்குக் காரை ஏற்றிப் போக எனக்கு ஒரு வண்டி வேண்டும். அந்தக் காரைவிட வயதில் மூத்த வண்டியாக இருந்தால் நன்றாக இருக்குமே என்று ஓர் ஆசை. மெனக்கெட்ட ஆசைதான்.

ஜனவரி 21

டேப்பை வைத்து அளந்தபோது ஆசை பாதி இறங்கிவிட்டது. தரையிலிருந்து மேடைப் பலகை 126 சென்டிமீட்டர். மூன்று மீட்டர் சாய்பலகை போட்டால் ஏற்றம் 25 டிகிரி வருகிறது. அம்பாசிடரின் வயிறு அதில் உரசாமல் ஏறாது.

ஸ்பிரிங் பட்டைகளின் வளைவைத் தட்டிச் சமமாக்கினால் சேசிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம், ஐந்தாறு சென்டிமீட்டர் இறங்கும் என்றேன். மேஸ்திரி கையிலிருந்த டீயைக் குடித்து முடிக்கும் வரை பதில் சொல்லவில்லை. பிறகு, “பட்டையைத் தட்டினால் சேசிஸ் இறங்கும் தம்பி. டயர் இறங்குமா?” என்றார்.

900-20 டயர் ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம். மேடையை அதற்கு மேலே, துள்ளுவதற்கும் இடம் விட்டுத்தான் போட முடியும். மூன்று மாதமாக நோட்டில் வரைந்த படங்கள் எல்லாம் அந்த ஒரு கேள்வியில் போயின.

ஜனவரி 24

பழைய பாடியை இறக்கியாகிவிட்டது. சேசிஸுக்கும் பாடிக்கும் நடுவே நீளவாட்டில் கிடந்த ரன்னர் கட்டைகளையும் எடுத்தாயிற்று. அவற்றுக்குப் பதிலாகக் குறுக்குச் சேனல்களை நேராகச் சேசிஸின் மேல் வைக்கப்போகிறோம். அதிலேயே 14 சென்டிமீட்டர் மிச்சம். கட்டைகளை விறகுக்குக் கேட்டு ஒருவர் வந்தார். அப்பா கொடுக்கவில்லை, வீட்டுக்கு ஏற்றிப் போய்விட்டார்.

ஜனவரி 26

விடுமுறை நாள், பட்டறையில் ஆள் குறைவு. விரிசல் பார்த்தோம். கிரீஸையும் பெயின்ட்டையும் சுரண்டி, கம்பிப் பிரஷ் போட்டு, இரும்பின் மேல் மண்ணெண்ணெய் தடவிச் சிறிது நேரம் விட வேண்டும். பிறகு நன்றாகத் துடைத்துவிட்டுச் சுண்ணாம்புப் பொடி தூவ வேண்டும். விரிசலுக்குள் புகுந்த எண்ணெய் மெல்ல மேலே கசிந்து, வெள்ளைப் பொடியில் தன் படத்தைத் தானே வரைந்துகொள்ளும்.

இடது சட்டத்தில், பின் ஸ்பிரிங்கின் முன் பிராக்கெட் அருகே, ஒரு முடியிழை. முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஒரு புள்ளி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நகத்தளவு கோடாக நீண்டது. அங்கே யாரோ முன்பு ஒரு பட்டையை வைத்துக் குறுக்கே வெல்டு அடித்திருக்கிறார்கள். அந்த வெல்டின் ஓரத்திலிருந்துதான் விரிசல் கிளம்பியிருக்கிறது. சேசிஸ் முறுக்கிக்கொடுத்து ஓட வேண்டிய பொருள். அதனால்தான் கம்பெனியில் ரிவிட் அடிக்கிறார்கள். ஓரிடத்தில் விறைப்பாக்கினால் அதற்குப் பக்கத்து இடம் பிளக்கும்.

விரிசலின் நுனியில் துளை போட்டு நிறுத்தி, வாயைத் திறந்து வெல்டு நிரப்பி, தேய்த்து மட்டமாக்கியாயிற்று.

ஜனவரி 29

சேசிஸின் எட்டு இடங்களிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, குண்டின் முனை தொட்ட இடத்தில் தரையில் சாக்பீஸ் புள்ளி. வண்டியை நகர்த்திவிட்டு மூலைக்கு மூலை நூல் பிடித்தோம். ஒரு மூலைவிட்டம் மற்றதைவிட 14 மில்லிமீட்டர் அதிகம். சேசிஸ் சாய்சதுரமாக நிற்கிறது.

மாலையில் அப்பாவிடம் கேட்டேன். விஜயவாடாவுக்கு அப்பால் ஒரு பாலத்துக் கைப்பிடிச் சுவரில் “லேசாக” உரசியதாம், 1988-இல். அம்மாவுக்கே அது இன்றுதான் தெரியும். வீட்டில் இரவுச் சாப்பாடு கொஞ்சம் அமைதியாகவே நடந்தது.

பிப்ரவரி 3

இரண்டு குறுக்குச் சட்டங்களின் ரிவிட்டுகளை வெட்டி, சங்கிலியும் ஜாக்கியும் போட்டு இழுத்து, மூலைவிட்டத்தைச் சரிசெய்தோம். மிச்சம் 2 மில்லிமீட்டர். அதற்கு மேல் கேட்பது பேராசை. துளைகளை ரீமர் விட்டு, இறுக்கமாக உட்காரும் ஹைடென்சில் போல்டு போட்டாயிற்று.

பிப்ரவரி 8

வெட்டும் நாள். பின் ஸ்பிரிங் பிராக்கெட்டுக்குப் பின்னால் தொங்கும் 1.8 மீட்டர் வாலைக் கீழ்நோக்கி 10 டிகிரி மடக்குவது என்று முடிவு. அங்கே என்றால் பயமில்லை. ஓடும்போது சுமை முழுக்க இரண்டு அச்சுகளுக்கு நடுவேதான். வாலில் பாரம் குறைவு. நடுச்சட்டத்தில் ரம்பம் வைக்க மேஸ்திரி எந்தக் காலத்திலும் சம்மதித்திருக்க மாட்டார்.

வெட்டும் விதத்தில்தான் சூட்சுமம். வாலில் எடை ஏறினால் இழுபடுவது மேல் விளிம்பு. அதனால் மேல் விளிம்பைத் தொடாமல், கீழ் விளிம்பிலிருந்து மேலே கூம்பும் ஆப்பு வடிவில் ஒரு துண்டை எடுத்தோம். கீழே அகலம் 35 மில்லிமீட்டர், மேலே ஒன்றுமில்லை. மேல் விளிம்பை மட்டும் சூடாக்கி வாலை அழுத்தியதும், திறந்த வாய் புத்தகம் போல மூடிக்கொண்டது. வெல்டுக்கு அடுப்பில் உலர்த்திய 7018 ராடு. உட்பக்கம் வலுத்தகடு வைத்து, அதன் இரு முனைகளையும் சாய்வாக வெட்டினோம். நேராக வெட்டினால் அந்த முனையே அடுத்த விரிசலுக்கு அழைப்பு. ஜனவரி 26-இல் பார்த்தோமே.

வால்முனை இப்போது 81 சென்டிமீட்டர். அதே மூன்று மீட்டர் பலகைக்கு ஏற்றம் 16 டிகிரி.

பிப்ரவரி 15

பின் ஸ்பிரிங். ஏழெட்டு டன் சுமந்த பட்டைகளுக்கு ஒன்றேகால் டன் கார் ஒரு பொருட்டே இல்லை. அப்படியே விட்டால் மேலே நிற்கும் கார் கூழாகிவிடும். பாரம் அதிகமானால் மட்டும் தாங்கும் கூடுதல் பட்டைகளான ஹெல்பர் செட்டை முழுதாகக் கழற்றினோம். மெயின் செட்டின் பத்துப் பட்டையில் மூன்றை எடுத்தோம். ஒரே தடிமன் பட்டைகள் என்றால் விறைப்பும் ஏறக்குறைய அதே விகிதத்தில் குறையும். தடிமனில் கை வைத்தால்தான் கணக்கு எகிறும்: இருமடங்கு தடிமன், எட்டு மடங்கு விறைப்பு.

ஹெல்பர் கழன்றதில் அப்பாவுக்கு வருத்தம். “வழியில் யாராவது நாலு டன் போடச் சொன்னால் என்ன செய்வாய்?” என்றார். ஓடாத வண்டிக்கு லோடு பேசுகிற மனிதர்.

பிப்ரவரி 19 முதல் 25 வரை

பிரேக், கிங்பின், வயரிங். எழுத ஒன்றுமில்லை. செலவு மட்டும் உண்டு.

பிப்ரவரி 27

பின் அச்சின் ஹவுசிங்கை ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரங்களைக் கழற்றிவிட்டுக் கியரில் ஓட்டினோம். வேகம் கூடக் கூட ஒரு முனகல். பட்டைகளைக் குறைத்ததில் ஹவுசிங்கின் உட்காரும் கோணம் மாறியிருக்கிறது. கியர்பாக்ஸ் தண்டு 3 டிகிரி சாய்ந்திருக்க, பின் அச்சுக்குள் நுழையும் பினியன் தண்டு 6 காட்டியது. இரண்டும் இணையாக இல்லாவிட்டால் அவற்றை இணைக்கும் தண்டின் ஜாயின்ட்டுகள் ஒவ்வொரு சுற்றிலும் பினியனின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். ஸ்பிரிங்குக்கும் அதன் பீடத்துக்கும் நடுவே 3 டிகிரி ஆப்புத் தகடு வைத்து யூ-போல்டுகளை இறுக்கினோம். முனகல் நின்றது.

மார்ச் 9

பட்டறை வளாகத்துக்குள்ளேயே முதல் ஏற்றம். அம்பாசிடரின் முன்சக்கரங்கள் பலகையைத் தாண்டி வால்மேல் ஏறின. வயிறு உரசவில்லை. கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். பின்சக்கரங்களும் வாலுக்கு வந்ததும் லாரியின் மூக்கு மெல்ல மேலே எழுந்தது. நட்சத்திரம் என்னைப் பார்ப்பதை விட்டு வேப்பமரத்தைப் பார்த்தது. வால் தரையை நோக்கி அமிழ்ந்தது. மெத்தென்று ஓட வேண்டும் என்று நான் கழற்றிய பட்டைகள்தான் காரணம். ஓடும்போது வாலில் பாரமில்லை என்று கணக்குப் போட்ட நான், ஏறும்போது முழு பாரமும் அங்கேதான் என்பதை மறந்துவிட்டேன்.

“நிறுத்து!” என்றார் அப்பா. தன் டெம்போவிலிருந்து இரண்டு மரத்துண்டுகளை எடுத்து வந்து வாலின் இரு மூலைக்கும் அடியில் செருகினார். பழைய ரன்னர் கட்டை, அளவாக அறுத்தது. எப்போது அறுத்தார் என்று கேட்கவில்லை. கார் மேலே போய் நின்றது. மூக்கு இறங்கியது.

மார்ச் 12

வாலுக்கு மடக்குக் கால்கள் செய்தாகிவிட்டது, திருகினால் நீளும். பழைய வாகனங்களுக்கான ‘விஏ’ எண் கிடைக்குமா என்று ஒரு நண்பர் கேட்டார். கிடைக்காது. 2021-இல் வந்த அந்த விதி 50 ஆண்டு கடந்த சொந்த உபயோகக் கார்களுக்கும் இருசக்கர வாகனங்களுக்கும்தான். அவையும் சேசிஸ் வெட்டுப்படாமல் இருக்க வேண்டும். நமக்கு, வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றிய மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின் வழிதான். விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். ஒப்புதல் வரும் வரை சாலையில் இறங்காது.

திருகுக் கால்களை அப்பாவுக்குக் காட்டினேன். நன்றாக இருக்கிறது என்றார். மரத்துண்டுகளை மட்டும் கேபினில், சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டுப் போனார்.